சுமை நீங்கிய பின்: இரட்சணிய யாத்திரிகத்தில் அன்றாட வாழ்வு

எச். ஏ. கிருட்டிண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளை முதற்கண் கூறுவர். ஆங்கிலத்தில் ஜான் பனியன் இயற்றிய யாத்திரிகன் கதையை முதலாகக் கொண்ட வழிநூல் அது என்பது ஒன்று; அதன் ஆசிரியர் 'கிறித்தவக் கம்பர்' என்று பாராட்டப்பெற்றவர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும், இவ்விரண்டு உண்மைகளும் சேர்ந்து ஆராய்ச்சியாளர் கண்ணை ஒரு பக்கமே திருப்பிவிட்டன. கதை பனியனுடையது, கவிதை கம்பன் வழிப்பட்டது என்று பங்கிட்டுவிட்டால் ஆராய்வதற்கு எஞ்சுவது ஒப்புமைப் பட்டியலே. எந்தப் பாடல் எந்தக் கம்பன் பாடலை ஒக்கும், எந்த நிகழ்ச்சி எந்த ஆங்கில நிகழ்ச்சியைத் தழுவியது என்று அட்டவணை போட்டு நின்றுவிடுகிறோம். நூலின் உள்ளீடு என்னவாயிற்று என்ற வினா எழுவதில்லை.

பனியனின் நூல் வெறும் பயணக் கதை அன்று. கடவுளைப் பின்பற்ற முற்பட்ட ஒருவன் நாள்தோறும் எவ்வாறு வளர்கின்றான், எங்கே தேய்கின்றான், எதை மறக்கின்றான், மறந்ததை எவ்வாறு மீண்டும் பெறுகின்றான் என்பதே அதன் பொருள். அப்பொருள் தமிழில் காப்பிய வடிவம் பெற்றபோது யாதாயிற்று? இவ்வொரு வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. சொல்வளம், அணிநலம், சந்தவின்பம் ஆகியன குறித்து அறிஞர் பலர் முன்னரே விரிவாக எழுதியுள்ளமையின் அவற்றை ஈண்டு விடுத்தோம்.

ஆசிரியர் வரலாற்றில் நம் வினாவிற்கு வேண்டுவன சிலவே. திருநெல்வேலிச் சீமையில் 1827இல் வைணவ வேளாளர் குடியிற் பிறந்த கிருட்டிண பிள்ளை இளமையிலேயே இராமகாதையில் ஊறியவர். 1853இல் சாயர்புரத்துக் கிறித்தவப் பள்ளியில் தமிழாசிரியராக அமர்ந்தார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். இரட்சணிய யாத்திரிகம் 1878ஆம் ஆண்டு தொடங்கி 'நற்போதகம்' என்னும் திங்களிதழில் பல்லாண்டுகள் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களில் 3,700க்கு மேற்பட்ட பாடல்கள் அமைந்துள்ளன. ஆசிரியர் 1900இல் மறைந்தார். ஆரணிய பருவம் என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே இராமகாதையின் காண்டம் ஒன்று செவியில் ஒலிக்கும். அவ்வொலி தற்செயலானது அன்று.

இனிப் பனியன் நூலின் அமைப்பை நோக்குவோம். (அதில் வரும் பெயர்கள் பொருள் விளங்கும் பொருட்டு இங்கே எளிய தமிழில் தரப்படுகின்றன.) பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளியான பனியன், அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டுச் சிறையில் இருந்தவர். அவர் நூலின் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. அதன் தலைவன் முதுகில் ஒரு சுமையோடு ஊரைவிட்டு ஓடுகின்றான். சுமை என்பது பாவம். கதை கேட்கும் எவரும், சுமை இறங்கும் இடமே கதை முடியும் இடம் என்று எதிர்பார்ப்பர். பனியனோ கதை பாதியை எட்டுவதற்கு வெகு முன்னரே, வழியோரத்துச் சிலுவையடியில் சுமையை இறக்கிவிடுகின்றார். அது உருண்டு சென்று கல்லறை வாயில் விழுந்து மறைகின்றது. அதன் பின்னும் நெடுவழி கிடக்கின்றது.

இது கதைப் பின்னலில் நேர்ந்த பிழையா? அன்று, இதுவே நூலின் உயிர்நிலை. சீர்திருத்தத் திருச்சபையார் மீட்பை இரண்டு நிலையாகப் பிரித்துப் பேசுவர். நீதிமானாக்கப்படுதல் ஒன்று, பரிசுத்தமாக்கப்படுதல் மற்றொன்று. முன்னது ஒரு கணத்தில் நிகழ்வது. பின்னது வாழ்நாள் முழுதும் நிகழ்வது. முன்னது சிலுவையடியில் முடிந்தது. பின்னதே எஞ்சிய பயணம். எனவே, சுமையை இழந்த மனிதன் அடுத்த நாட்காலையில் என்ன செய்கின்றான் என்பதுதான் பனியன் கேட்கும் கேள்வி.

விவிலியச் சொல்லாராய்ச்சி ஒன்று இவ்விடத்தில் நமக்குத் துணைசெய்யும். தன்னைப் பின்பற்ற விரும்புவோன் தன் சிலுவையைச் சுமக்க வேண்டும் என்னும் இயேசுவின் கூற்று மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவர் நற்செய்தியிலும் உள்ளது. லூக்கா ஒருவரே அதில் 'நாள்தோறும்' என்னும் பொருள்படும் தொடரைச் சேர்த்துள்ளார். தமிழ் வேதாகமம் அதனை 'அனுதினமும்' என்று பெயர்த்தது. அச்சொல் இல்லாத இரண்டு நற்செய்திகளிலும் சிலுவை என்பது சாவை நோக்கிய ஒரு முறை நடையாகப் பொருள்பட இடமுண்டு. அச்சொல் வந்தவுடன் பொருள் மாறிவிடுகின்றது. ஒருவன் நாள்தோறும் சாக முடியாது. நாள்தோறும் எடுத்துச் சுமக்க மட்டுமே முடியும். தியாகிக்குரிய சொல்லை இல்லறத்தானுக்கும் உரியதாக்கியது அவ்வொரு தொடரே. பனியனின் நூல் முழுவதும் அத்தொடருக்கு எழுதப்பட்ட உரை என்று கூறினும் பொருந்தும்.

சிலுவையடியைக் கடந்த பின் யாத்திரிகன் செய்யும் பிழைகளைக் காண்க. கடினமலையின் நடுவே, வழிப்போக்கர் இளைப்பாறுவதற்கென்று அமைத்த பந்தலில் அவன் உறங்கிவிடுகின்றான். கையிலிருந்த சுருள் நழுவிவிடுகின்றது. இளைப்பாறுதல் குற்றமன்று; பந்தல் அதற்காகவே உள்ளது. உறங்கியதே குற்றம். மலையுச்சி சேர்ந்த பின்னரே அவன் இழப்பை உணர்கின்றான். வந்த வழியே திரும்பிச் சென்று தேடி எடுத்து, ஒருமுறை நடக்க வேண்டிய வழியை மும்முறை நடக்கின்றான். பின்னொரு நாள், பாதை கரடாக இருந்து கால் நோகின்றது. வேலிக்கு அப்பால் மெல்லிய புல்வெளியில் பாதையை ஒட்டியே ஓர் ஒற்றையடித் தடம் செல்கின்றது. அதில் இறங்கி நடக்கின்றான். பெரும்பாவம் எதையும் அவன் செய்யவில்லை. கால்நோவுக்கு அஞ்சி வேலி தாண்டினான், அவ்வளவே. அதன் விளைவாக அவநம்பிக்கை என்னும் அரக்கனின் ஐயக்கோட்டையில் சிறைப்படுகின்றான். புதன் காலை முதல் சனி இரவு வரை அங்கே சோறும் நீரும் இன்றிக் கிடந்தான் என்று கிழமை குறித்து எழுதுகின்றார் பனியன். சனி நள்ளிரவில் தொடங்கி விடியும் வரை வேண்டுதல் செய்தபோது, கோட்டையின் எந்தப் பூட்டையும் திறக்கும் வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பது நினைவுக்கு வருகின்றது. நான்கு நாளும் அது அங்கேயே இருந்தது. மறந்துபோயிற்று!

ஆன்ம வாழ்வின் பெருந்தீங்கு மறதியே என்பதனை இதைவிட எளிதாக யாரும் கூறியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு வார நாட்களின் பெயரை உருவகக் கதைக்குள் கொண்டுவரும் துணிவு கருதத்தக்கது. உருவகம் காலங் கடந்தது, புதன்கிழமையோ நம்முடையது. வாயாடி என்னும் பாத்திரமும் அத்தகையதே. அவன் வேதப்பொருளை வெளியே இனிக்க இனிக்கப் பேசுவான். அவனை அறிய வேண்டின் அவன் வீட்டாரையும் பணியாட்களையும் கேட்க வேண்டும் என்று பனியன் காட்டுகின்றார். பக்தியின் உரைகல் வழிபாட்டிடத்தில் இல்லை, அடுக்களையில் உள்ளது என்பது கருத்து. பொருள் விளக்குவோன் வீட்டில் காட்டப்படும் அடுப்புக் காட்சி இவை அனைத்திற்கும் உட்பொருள். சுவரோரம் ஒரு தீ எரிகின்றது. ஒருவன் நின்று ஓயாது நீர் ஊற்றுகின்றான். தீ அணையவில்லை, மேன்மேலும் வளர்கின்றது. சுவருக்குப் பின்னே சென்று பார்த்தால் மற்றொருவன் மறைவாக எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கின்றான். நீர் கண்ணுக்குத் தெரிகிறது, எண்ணெய் தெரிவதில்லை. தன் வளர்ச்சியைத் தான் காண இயலாமைக்கு இக்காட்சி காரணம் கூறுகின்றது.

இத்தகைய பொருளைத் தமிழ்க் காப்பியம் ஏற்குமா? இங்கேதான் கிருட்டிண பிள்ளையின் இடர் தொடங்குகின்றது. நம் அணிநூலார் பெருங்காப்பியத்திற்குத் தன்னிகரில்லாத் தலைவனை வேண்டுவர். பனியன் தலைவனோ தன்னிகர் இல்லாதவன் அல்லன்; அவனுக்கு நிகரானோர் தெருவெங்கும் உளர்; அதுவே அவன் தகுதி. தூங்கிவிடுவான், மறப்பான், கால் நோகிறது என்பான். இவனைக் காப்பியத் தலைவனாக்கினால் காப்பியம் தாழும். காப்பியத்துக்கேற்ப இவனை உயர்த்தினால் பொருள் கெடும்.

இவ்விடரைக் கிருட்டிண பிள்ளை தீர்த்த முறை, நான் அறிந்தவரை, அவர் நூலின் மிகத் துணிந்த செயல். பனியன் கதையில் சிலுவை வழியோரத்தில் நிற்கும். அதன் வரலாறு விரித்துரைக்கப்படுவதில்லை. படிப்போர் அதனை அறிவர் என்பது அவர் கொள்கை. கிருட்டிண பிள்ளை குமார பருவத்தில் அவ்வரலாற்றையே முழுதாகப் பாடிவிட்டார். இயேசுவின் பாடுகளும், நிலையற்ற கூட்டத்தின் இகழ்ச்சியும், சிலுவைச் சாவும் அங்கே காப்பியப் பெருக்குடன் விரிகின்றன. இன்று பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறுவதும், இந்நூலைப் பயிலாதாரும் அறிந்திருப்பதும் இப்பகுதியே. அவர் இதனைச் செய்ததற்குக் காரணம், தமிழ் நாட்டில் பெரும்பாலோர் அவ்வரலாறு அறியாதார் என்பதுமட்டும் என்று கூறுதல் போதாது. காப்பியத்திற்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும்; அத்தலைவன் யாத்திரிகன் அல்லன், அவனுக்கு முன் நடந்தவன். யாத்திரிகன் பின்னடப்பவன். இப்பாகுபாட்டால் அணிநூல் இலக்கணமும் நிறைவேறியது; பின்பற்றுதல் என்னும் சொல்லுக்குப் பொருளும் கிடைத்தது. முன்னே ஒருவர் நடந்த அடிச்சுவடு இன்றிப் பின்பற்றுவது எங்ஙனம்?

நம் ஆற்றுப்படை மரபை இதனோடு ஒட்டிப் பார்த்தால் இதன் ஏற்றம் விளங்கும். ஆற்றுப்படையில் வழிகாட்டுவோன் பரிசில் பெற்று மீண்டவன். எதிர்ப்படும் வறியவனுக்குத் தான் சென்ற வழியைக் கூறுகின்றான். பனியன் உலகில் அந்நகர் புகுந்து மீண்ட மனிதன் ஒருவனும் இல்லை. வழிகாட்டுவோர் அனைவரும் வழியின் இடையிலேயே நிற்போர். ஆதலால் யாத்திரிகனுக்கு ஒரு நாளைய வழிகாட்டல் மறுநாளைக்குப் போதுவதில்லை; நாள்தோறும் கேட்க வேண்டியுள்ளது. கிருட்டிண பிள்ளையோ சென்று மீண்ட ஒருவரை, சாவினின்றும் எழுந்தவரை, நூலின் நடுவில் நிறுத்தினார். அவர் அறிந்தோ அறியாமலோ ஆற்றுப்படையின் அமைப்பு இங்கே புகுந்துவிட்டது என்பேன்.

ஆனால் இப்பேற்றிற்கு விலை உண்டு. குமார பருவத்தின் உயரம் ஏறிய உள்ளம், அதன் பின் யாத்திரிகனின் சிறு பிழைகளுக்கு இறங்கி வர விரும்புவதில்லை. உலகின் பாவத்தைச் சுமந்த சாவைப் பாடிய நாவு, ஒருவன் பந்தலில் தூங்கியதைப் பாடும்போது இரண்டில் ஒன்று நேர வேண்டும். தூக்கத்தையும் பெருநிகழ்ச்சியாக்க வேண்டும். அன்றேல் விரைந்து கடக்க வேண்டும். காப்பிய ஆசிரியர் முன்னதையே செய்கின்றார். பனியன் உரைநடையில் மூன்று வரியில் வந்துபோகும் இடங்கள் இங்கே உவமையும் வருணனையும் பெற்று வீங்குகின்றன. யாத்திரிகரின் உரையாடல்கள் பல இடங்களில் உபதேசமாகி விரிகின்றன. மயக்கநிலத்தைக் கடக்கும்போது பனியனின் யாத்திரிகர் இருவரும் பேசிக்கொண்டே செல்வது எதற்காக? கொள்கை விளக்கத்திற்காக அன்று, தூங்கிவிடாமல் இருப்பதற்காக. பேச்சு அங்கே ஒரு செயல், துணை, விழிப்பு. அப்பேச்சு உபதேசமாக மாறியபோது அதன் கருத்து வளர்கின்றது; அதன் தேவை மறைந்துவிடுகின்றது. நம் காப்பியத்தில் தோழர் இருவர் பேசுவதைக் கேட்கும்போது, அவர்தம் கால்கள் நடந்துகொண்டிருப்பதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். இதனை யான் இந்நூலின் உண்மையான குறையாகக் கருதுகின்றேன்.

காப்பிய வடிவமே இக்குறைக்குக் காரணம் என்று கூறித் தப்பித்தல் ஆகாது. கம்பனே அதற்கு எதிர்ச்சான்று. இராமன் சிருங்கிபேரத்தில் நாணல் பரப்பிய நிலத்தில் துயிலும் இரவில், இலக்குவன் வில்லூன்றி விடியுமளவும் நிற்பதையும், அவனைக் கண்டு குகன் உறங்காதிருப்பதையும் கம்பன் பாடியுள்ளான். போர் இல்லை, சூளுரை இல்லை, ஒருவன் மற்றொருவனுக்காக விழித்திருக்கின்றான், அவ்வளவே. பின்பற்றுதலின் அன்றாடத்தை இதைவிடச் செறிவாகக் காட்டல் அரிது. காப்பியத்தால் இயலும், ஆனால் அங்கே அண்ணன் தம்பி என்னும் உறவு அடிநிலமாக உள்ளது. உருவகப் பாத்திரங்களுக்கு அவ்வுறவு இல்லை. பனியன் அக்குறையைப் பேச்சுநடையால் ஈடுசெய்தார். சந்தைப் பேச்சு, வழிப்பேச்சு, வாதாட்டம் ஆகியவற்றால் தம் உருவகங்களுக்குக் குருதியூட்டினார். கிருட்டிண பிள்ளை பேச்சுநடையை விலக்கியதால், உருவகத்தின் வெறுமை செய்யுளின் அணிகளுக்குள்ளும் வெளித்தெரிகின்றது.

இந்நிலையில் நூல் தோற்றுவிட்டது எனலாமா? அங்ஙனம் முடிவுகட்டுவோர் நூலின் இடையிடையே வரும் தேவாரங்களை நோக்காதோர். கிருட்டிண பிள்ளை தம் காப்பியத்துள் யாத்திரிகன் வாயிலாகவும் பிறர் வாயிலாகவும் பதிகப் பாங்கான பாடல்களை வைத்து, அவற்றிற்குத் தேவாரம் என்றே பெயரிட்டார். பிற்காலத்தில் அவை தனியே தொகுக்கப்பெற்றும் வழங்கின. காப்பிய ஆராய்ச்சியாளர் இவற்றை இடைப்பிறவரலாகவே மதிப்பர். எனது கருத்து இதற்கு மறுதலை. நாம் தேடும் அன்றாடம் இவற்றில்தான் உள்ளது.

காரணம் கூறுவேன். காப்பியச் செய்யுள் நிகழ்ந்ததைக் கூறும். பதிகம் இப்பொழுதே பேசும். காப்பியத்தில் யாத்திரிகன் 'அவன்'. பதிகத்தில் அவன் 'யான்'. காப்பியப் பாடல் கதையை முன்னே செலுத்தும். பதிகப் பாடலோ நின்ற இடத்திலேயே நின்று, ஒரே முறையீட்டைப் பாடல்தோறும் திரும்பச் சொல்லும். கதைப் போக்கை எதிர்பார்ப்பவனுக்கு அத்திரும்பக் கூறல் சலிப்பு. வேண்டுதல் செய்பவனுக்கு அதுவே உயிர். நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்க வேண்டியவன் அவன். மேலும், பதிகம் என்னும் வடிவமே தமிழகத்தில் நாள்வழிபாட்டில் ஓதப்பெற்று உருவேறிய வடிவம். ஓதுவார் காலையும் மாலையும் பாடிப் பாடி, அதன் மடக்குகள் நாவிற்கும் மூச்சிற்கும் பழகியவை. சமயம் மாறிய புலவர், தம் புதிய நம்பிக்கையின் அன்றாடத்திற்குப் பழைய நாட்டின் அன்றாட வடிவத்தையே எடுத்துக்கொண்டார். கொள்கையளவில் அவர் விட்டுவந்தவை எவையாயினும், முறையிடும் குரலை அவர் விட்டுவரவில்லை. விட்டுவந்திருந்தால் பேசுவதற்கு வேறு குரல் அவரிடம் இருந்திருக்காது என்றே எண்ணுகின்றேன்.

கிருட்டிண பிள்ளை பாடிய 'சத்தாய் நிஷ்களமாய்' என்று தொடங்கும் பதிகம் இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் பாடப்பெற்று வருகின்றது. அதன் நடையும், பாடல்தோறும் இறுதியில் திரும்பி வரும் 'உன்னையன்றி யார்' என்னும் கருத்தும் சுந்தரர் திருமழபாடிப் பதிகத்தை நினைவூட்டுவன. காப்பியத்தின் பெரும்பகுதி புலவர் அவையிலும் வகுப்பறையிலும் தங்கிவிட, அவருடைய பதிகங்கள் பெயரறியாத மக்கள் வாயில் வாழ்கின்றன. மக்கள் தேர்வு எப்பொழுதும் சரியானது என்று கூறேன். இங்கே அது சரியானது. பனியனின் உரைநடை ஆங்கில நாட்டு எளியோர் வீட்டில் எந்த இடத்தைப் பெற்றதோ, அந்த இடத்தைத் தமிழில் யாத்திரிகக் காப்பியம் பெறவில்லை. ஆசிரியரின் பாடல்கள் பெற்றன. கதையைக் கதையாகப் படிக்க விரும்பிய குடும்பங்கள் சாமுவேல் பவுல் ஐயரின் உரைநடை மொழிபெயர்ப்பாகிய 'மோட்சப் பிரயாண'த்தையே நாடின என்பதும் ஈண்டு உடன்வைத்து எண்ணத்தக்கது.

ஆயினும் பதிகத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அது தனி உள்ளத்தின் அன்றாடத்தைக் காட்டும்: தளர்ச்சி, முறையீடு, காத்திருத்தல், தெளிவு. வீட்டின் அன்றாடத்தை அது காட்டாது. பனியன் 1684இல் எழுதிய இரண்டாம் பகுதி இதற்கென்றே அமைந்தது. முதற்பகுதியில் மனைவி மக்களை விட்டு, காதைப் பொத்திக்கொண்டு ஓடியவனின் மனைவி, தன் நான்கு மைந்தரோடும் ஒரு தோழியோடும் அதே வழியில் புறப்படுகின்றாள். அப்பகுதியின் நடை மாறிவிடுகின்றது. ஓட்டம் இல்லை, தங்கித் தங்கிச் செல்கின்றனர். பிள்ளைகளிடம் ஒருத்தி வேதவினாக்கள் கேட்டு விடை பெறுகின்றாள். வேலிக்கு வெளியே நீண்டிருந்த கிளையின் கனியைப் பறித்துத் தின்ற சிறுவன் நெடுநாள் கழித்து வயிற்றுநோயால் துடிக்கின்றான். மருத்துவர் வந்து மருந்தளிக்கின்றார். தோழிப்பெண் ஓய்ந்த வேளையெல்லாம் ஏழைகளுக்கு ஆடை தைக்கின்றாள். அவளை மணக்க வந்தவன், தைத்தவற்றை விற்காமல் கொடுத்துவிடுகின்றாள் என்று அறிந்ததும் வருகையை நிறுத்திக்கொள்கின்றான். பயணம் முடிவதற்குள் பிள்ளைகள் வளர்ந்து திருமணமும் செய்துகொள்கின்றனர். ஊன்றுகோல் கொண்டு நடப்பவனும் மனந்தளர்ந்தவனும் கூட்டத்தில் சேர்கின்றனர். அவர்களுக்காக வழித்துணைவன் தன் நடையைக் குறைத்துக்கொள்கின்றான். அவநம்பிக்கை அரக்கன் வீழ்ந்த நாளில் ஊன்றுகோலன் ஒரு கோலை ஊன்றியபடியே ஓர் இளம்பெண்ணின் கைபற்றி ஆடுகின்றான். அவ்வாட்டத்தை எள்ளலின்றி எழுத முடிந்தவர் பனியன்.

இவ்விரண்டாம் பகுதியைக் கிருட்டிண பிள்ளை தம் காப்பியத்திற்கு முதலாகக் கொள்ளவில்லை. காப்பியத்தின் ஒருமைப்பாட்டை எண்ணினால் இது தக்கதே. ஆனால், நம் வினாவின் நோக்கில் இழப்பு பெரிது. பெண்டிரும் பிள்ளைகளும் நோயாளரும் மெல்ல நடந்து வளரும் வளர்ச்சி தமிழ்ச் செய்யுளில் இடம்பெறாது போயிற்று. அவர் பாடிக்கொண்டிருந்த காலத்தை நோக்கினால் இது இன்னும் கூர்மையாகத் தோன்றும். இதழில் அவர் பாடல்கள் வெளிவரத் தொடங்கிய மறு ஆண்டு, 1879இல், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாயிற்று. வேதநாயகம் பிள்ளை இவருக்கு ஓராண்டு மூத்தவர், பிறப்பால் கத்தோலிக்கர். வீடு, திருமணம், மாமியார், வழக்கு மன்றம் என அன்றாடத்தைப் பேசத்தக்க உரைநடை அவர் கையில் பிறந்துவிட்டது. ஆனால் அவர் அதனைக் கிறித்தவ ஆன்ம வரலாறு எழுதப் பயன்படுத்தினாரல்லர். ஆன்ம வரலாற்றை எழுதியவரோ அவ்வுரைநடையைத் தம் பெருநூலுக்குக் கொள்ளவில்லை. ஒரே காலத்து இருவர், ஒருவரிடம் கருவி, மற்றவரிடம் பொருள். இருவர் கையும் இணைந்திருப்பின் என்னும் நினைவை அடக்க முடியவில்லை.

கிருட்டிண பிள்ளை ஏன் செய்யுளையே தேர்ந்தார் என்பதற்கு விடை காணல் அரிதன்று. புதிய சமயம் தமிழில் பெருமை பெற வேண்டுமாயின், தமிழர் பெருமையெனக் கொண்ட வடிவத்தில் அது தோன்ற வேண்டும் என்பது அக்காலத்துப் புலவர் எவர்க்கும் தோன்றக்கூடியது. 1726இல் வீரமாமுனிவர் தேம்பாவணியில் மேற்கொண்ட வழியும் அதுவே. ஆனால் தேம்பாவணியின் தலைவர் சூசையப்பர். தச்சுத்தொழில் செய்து மனைவியையும் மகவையும் காத்த இல்லறத்தார். அவரை முனிவர் காப்பியத் தலைவராக்கியபோது அத்தொழிற்பட்டறையின் ஓசையும் அணிகளின் இடையே அமிழ்ந்துபோயிற்று என்றே கருதுகின்றேன். இரண்டு பெருங் கிறித்தவக் காப்பியங்களும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன என்பது வெறும் தற்செயல் ஆகாது. வடிவத்தின் பெருமையை நாடிய நம்பிக்கை, எளிமையையே தன் பொருளாகக் கொண்ட நம்பிக்கையாக இருந்தமையால் வந்த தடுமாற்றம் இது.

இறுதியாக ஒரு செய்தி. இரட்சணிய யாத்திரிகத்தை நாம் கட்டடம் செய்த ஒரே நூலாகக் கையில் எடுக்கின்றோம். ஐந்து பருவங்களையும் ஒரு கோடை விடுமுறையில் படித்து முடிக்கின்றோம். முதற்கண் அதனைப் படித்தோர் அங்ஙனம் படிக்கவில்லை. திங்கள்தோறும் சில பாடல்கள். பின் ஒரு திங்கள் காத்திருப்பு. 1878இல் பள்ளிச் சிறுவனாக நற்போதகத்தில் யாத்திரிகன் புறப்படுவதைப் படித்தவன், அவன் நகரை அடைவதைப் படிக்கும்போது பிள்ளை பெற்றவனாக இருந்திருக்கக்கூடும். காப்பியத்தில் இல்லை என்று நாம் மேலே குறை கூறிய காலநீட்சி அப்படிப்பில் இருந்தது. வீக்கமெனத் தோன்றும் வருணனைகளும் உபதேசங்களும், ஒரு திங்களுக்குரிய உணவாக அளந்து வைக்கப்பட்டபோது வேறு சுவை தந்திருக்கலாம். எந்தப் பாடலோடு ஓர் இதழ் நின்றது, தேவாரங்கள் இதழின் தொடக்கத்தில் வந்தனவா முடிவில் வந்தனவா, 1894ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆசிரியர் எவற்றைச் சேர்த்தார், எவற்றை நீக்கினார் என்பனவற்றை அவ்விதழ்களையும் முதற்பதிப்பையும் அருகருகே வைத்து ஆராய்தல் வேண்டும். தேவாரங்களின் இடம் அங்கே எவ்வாறு அமைந்துள்ளது என்பதைப் பொறுத்து, மேலே யான் கூறிய முடிபுகளுள் ஒன்றிரண்டு திருத்தம் பெறவும் கூடும்.